பென்சில் செல் மாதிரியே இருந்தது

போன மே மாதம் ஒரு மத்தியான நேரம். சிம்மக்கல் பக்கம் என் சர்வீஸ் கடையில் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் தாய்மாமனோடு வந்து நின்றான். கையில் நாமே பூட்டி ஓட்டுகிற வகை பிளாஸ்டிக் ரேஸ் கார். மோட்டார் இருக்கும் இடம் மெழுகுவத்தி போல வழிந்து உறைந்திருந்தது.

“அண்ணே, மோட்டார் மட்டும் மாத்திக் குடுத்துருங்க. லீவு முடியுறதுக்குள்ள ஓட்டணுமாம்” என்றார் மாமன்.

மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு செல். பார்க்க அச்சு அசல் பென்சில் செல். திருப்பிப் பார்த்தால் 14500, 3.7 வோல்ட் என்று போட்டிருந்தது. லித்தியம் செல்.

இந்த வகைக் கார்களுக்கு முன்னோடி 1982-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஃபோர் டபிள்யூ டி. இரண்டு பென்சில் செல், 130 ரகத்தில் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். சாதாரண செல் ஒன்று 1.5 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 3. லித்தியம் செல்லோ முழு சார்ஜில் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 8.4. கார் ஏதாவது மேஜைக் காலில் முட்டிச் சக்கரம் சிக்கி நின்றால், மோட்டாருக்குள் போகிற கரண்ட் முழுக்கச் சூடாகத்தான் மாறும். அந்தச் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப்படி பார்த்தால் ஏறக்குறைய 8 மடங்கு. 100 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கிற பிளாஸ்டிக் அதை எப்படித் தாங்கும்?

14500 என்பது வோல்ட் கணக்கு அல்ல, அளவு. 14 மில்லிமீட்டர் குறுக்களவு, 50 மில்லிமீட்டர் நீளம். பென்சில் செல் போகிற குழியில் இதுவும் உட்கார்ந்துகொள்ளும். தொல்லையே அதில்தான்.

“சார்ஜ் எதுலப்பா போட்ட?” என்று கேட்டேன். பையன் மாமனைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் பென்சில் செல் சார்ஜரில் என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த சார்ஜர் நிக்கல் செல்லுக்கானது. லித்தியம் செல்லை எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கார் உருகினால் காரோடு போகும். ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜரில் செல் வெடித்தால் மெத்தைதான் முதலில் தீப்பிடிக்கும்.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். உருகிய இடத்தைக் கத்தியால் சீவி எடுத்தேன். பாகங்கள் ஒட்டி வந்த சட்டத்தைப் பையன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான், கெட்டிக்காரன். அதைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தால் களி மாதிரி ஆகிவிடும். அதே பிளாஸ்டிக், அதே நிறம். பள்ளத்தில் அப்பி ஒரு நாள் காயவிட்டு அரம் போட்டால் போதும். ஆனால் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் என்கிற இரண்டு வகை பிளாஸ்டிக்குக்கும்தான் இது நடக்கும். பல்சக்கரங்கள் வேறு பிளாஸ்டிக், கரையாது, எதுவும் சரியாக ஒட்டாது. உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். சந்தேகமென்றால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்து, பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

ஸ்க்ரூ துளை பெரிதாகிவிட்டதா? ஆப்ப சோடாவைத் தூவி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் நொடியில் கல்லாகிவிடும். இங்கே என் கதை ஒன்று. தொழில் பழகின புதிதில் மேஜையில் சிந்திய சூப்பர் குளூவைப் பனியன் வேஸ்ட்டை எடுத்து அழுத்தித் துடைத்தேன். துணியிலிருந்து புகை கிளம்பியது, கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. பருத்தியும் இந்தப் பசையும் சேர்ந்தால் அவ்வளவு சூடு வரும். முதலாளி பேனா மை தடவச் சொன்னார், தடவினேன். தப்பு. மை, பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

பல்சக்கரத்தைப் பெட்ரோலில் கழுவுகிற பழக்கமும் பையன்களிடம் இருக்கிறது. பைக் மெக்கானிக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல. இரும்புக்குச் சரி. இந்த பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ இறுகிய இடங்களில் விரிசல் விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், புழுதியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மறுநாள் மாலை இருவரும் வந்தார்கள். அவர்கள் எதிரிலேயே முன் அச்சைக் கழற்றிக் காட்டினேன். யாருடையதோ நீளமான தலைமுடி ஒன்று இறுக்கமாகச் சுற்றியிருந்தது. இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, பையன் சிரித்துவிட்டான். அதுவரை மேஜையில் தள்ளினால் ஒரு சாண் போய் நின்ற முன்சக்கரங்கள் இப்போது ஊதினாலே சுற்றின. புது மோட்டார், பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண செல் இரண்டு. தரையில் விட்டதும் கடை வாசல் தாண்டிப் போய்விட்டது, பையன் பின்னாலேயே ஓடினான்.

மாமன் மட்டும் நகரவில்லை. “அந்த ரெண்டு செல்லையும் குடுத்துருங்கண்ணே, காசு குடுத்து வாங்குனது” என்றார். எடுத்துக் கொடுத்தேன். பைக் சாவி கிடந்த சட்டைப்பைக்குள்ளேயே போடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, திரும்ப வாங்கி, சாவி பட்டு ஷார்ட் ஆகாதபடி இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தேன்.