கோச்சி ஒரு மூலையில் மட்டும் ஏன் சோர்ந்து போகிறது?

கரண்ட் கொடுக்கிற கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் நன்றாக ஓடுகிற மாதிரிக் கோச்சி, மேசையின் எதிர்மூலைக்குப் போனதும் சோர்ந்துவிட்டால், எஞ்சினைக் கழற்றிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கழற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு தண்டவாளத்தில்தான் இருக்கும்.

இந்தச் சின்ன ரயிலில் தண்டவாளமே வயர். இடது தண்டவாளம் ஒரு முனை, வலது மறு முனை, சக்கரங்கள் கரண்டை எடுத்து மோட்டருக்குக் கொடுக்கின்றன. சாதாரண 12 வோல்ட் முறையில் இரண்டு முனைகளையும் மாற்றிக் கொடுத்தால் கோச்சி பின்னால் ஓடும். சரி, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தண்டவாளம் துண்டு துண்டாக வருகிறது, துண்டுகளைச் சேர்ப்பது ஒரு மெல்லிய தகட்டு ஜொயினர், அது வெறுமனே இறுக்கிப் பிடித்திருக்கிறதே தவிர ஒட்டியிருக்கவில்லை. அந்த இடுக்குக்குள் ஈரம் போனால் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் வரும். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஜன்னலைத் திறந்தாலே உப்புக் காற்று, ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று இந்தத் தகட்டையா விடும்?

ஒரு ஜொயினரில் 0.2 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் வரைக்கும் இடது தண்டவாளத்தில் 10 ஜொயினர், வலதில் 10 என்றால், மொத்தம் 4 ஓம். எஞ்சின் அரை அம்பியர் எடுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும், 12 என்று கிளம்பியது 10 ஆகத்தான் சேரும். வட்டப் பாதை என்றால் கரண்ட் இரண்டு பக்கத்தாலும் வருவதால் இழப்பு குறையும், ஆனாலும் நேர் எதிர்ப்பக்கம்தான் அதிகம் சோரும். தண்டவாளத்தின் உலோகமும் உதவாது. செம்பு, நிக்கல், நாகம் கலந்த அந்தக் கலவையின் மின்தடை, தனிச் செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

அதனால் கரண்டைத் தண்டவாளத்தின் வழியே தூரம் அனுப்பாமல், பலகைக்கு அடியில் இரண்டு தடித்த வயர்களைப் பாதை நெடுகக் கொண்டுபோகவேண்டும். வீட்டுப் பிளக் பொயின்ட்டுக்கு இழுக்கிற 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) போதும், மீட்டருக்கு ஒரு ஓமின் நூறில் ஒரு பங்குகூடத் தடை இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு மெல்லிய வயரைச் சோல்டர் பண்ணிவிட்டால், ஜொயினருக்குத் துண்டுகளை நேராகப் பிடித்திருக்கிற வேலை மட்டும்தான் மிஞ்சும். நிறத்தை மட்டும் குழப்பாதீர்கள், இடதுக்குச் சிவப்பு, வலதுக்குக் கறுப்பு, கடைசிவரை அப்படியே.

ஓய்வுபெற்ற பிறகு இதில் இறங்கியவர்களுக்கு ஒரு சொல்: பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சோல்டர் பண்ணுவது இளசுகளுக்குமே ஆகாத வேலை, உருகிய சொட்டு முகத்தில்தான் விழும். பலகையைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, கதிரையில் உட்கார்ந்து செய்யுங்கள். இடுப்பும் கண்ணும் நன்றி சொல்லும். வயரெல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும்.

டிஜிட்டல் முறைக்குப் போனால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அங்கே தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ்தான், அதன் திசை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கொண்டிருக்கும். ஒரு திசையில் ஒரு பாதி, எதிர்த்திசையில் மறு பாதி: ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ செக்கன் நீடித்தால் 'ஒன்று', 100 நீடித்தால் 'பூச்சியம்'. எஞ்சினுக்குள் இருக்கிற டிகோடர் இதை வாசித்துத் தன் இலக்கத்துக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு பெட்டி தடம் புரண்டு ஷோர்ட் ஆனால் கொன்ட்ரோலர் உடனே நிறுத்தவேண்டும். ஆனால் அதே 4 ஓம் நடுவில் இருந்தால், 15 வோல்ட்டில் 3.75 அம்பியர்தான் ஓடும். 5 அம்பியருக்கு நிற்கிற கருவிக்கு அது ஷோர்ட்டாகவே தெரியாது, நிறுத்தாது. 56 வாட் சூடு, கிட்டத்தட்ட ஒரு சோல்டர் அயன் அளவு, சக்கரத்திலும் ஜொயினரிலும் இறங்கிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் எத்தனை நேரம் தாங்கும்?

சோதிக்க ஒரு 5 ரூபாக் குற்றி போதும். எஞ்சின்களை எடுத்துவிட்டு, இடது, வலது தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள 16.5 மில்லிமீற்றர் இடைவெளியின் குறுக்கே குற்றியை வையுங்கள். கருவி உடனே நின்றால் அந்த இடம் சரி. நிற்காவிட்டால் குற்றியை உடனே எடுத்துவிட்டு, அந்தத் துண்டுக்கு இன்னொரு சோடி வயர் இறக்குங்கள். கிளைப் பாதைகளையும் கடைசி மூலையையும் விடாமல் பாருங்கள்.