ஏற்காட்டுக்கு ஏறி வரவேண்டிய கேமரா

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்வந்த என் பெரியம்மா, திடீரென்று அடிக்கடி படியில் தடுக்கி விழ ஆரம்பித்தார். "வயசாச்சுல்ல சாமி" என்பார். எதிரே நிற்பவர் முகம் தெளிவாகத் தெரிந்ததால் கண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. சேலத்துக்கு அழைத்துவந்து காட்டியபோது கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு கெடும் நோய் என்றார்கள். ஓரப்பார்வை பெரும்பாலும் போயிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காக்கலாம்.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பில் 10 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உண்டு. அந்த அழுத்தத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், பெரும்பாலோருக்கு வலியே இல்லாமல். சிலருக்கு அழுத்தம் இயல்பாக இருந்தும் இது நடக்கிறது. அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது, நரம்பையே பார்க்க வேண்டும். விழித்திரையில் நரம்பு தொடங்கும் இடம் சுமார் 1.5 மி.மீ. அகல வட்டம். அதன் நடுவில் ஒரு குழி இருக்கும். இழைகள் சாகச் சாகக் குழி அகலும்.

அந்த வட்டத்தைப் படமெடுப்பதுதான் பெரும்பாடு. ஒளி நுழைய, திரும்பி வர, இரண்டுக்கும் கண்பாப்பா ஒன்றே வழி. விழித்திரை திருப்பி அனுப்பும் ஒளியோ மிகக் கொஞ்சம். அதற்குள் கருவிழி கண்ணாடிபோல் பளிச்சென்று பிரதிபலித்துப் படத்தை வெளுத்துவிடும். மருத்துவமனைக் கேமராக்கள் ஒளியை வளையமாக்கிக் கண்பாப்பாவின் ஓரத்தில் செலுத்தி, நடுவழியாகப் படத்தை வாங்குகின்றன. இந்த ஏற்பாட்டுக்குத்தான் லட்சக்கணக்கில் விலை.

இதையே மலிவாகச் செய்ய வழி உண்டு. செல்போனின் ஃபிளாஷ் கேமராவை ஒட்டியே இருப்பதால் ஒளி போகும் பாதையும் வரும் பாதையும் ஏறக்குறைய ஒன்றாகின்றன. கண்ணுக்கு முன்னால் 20 டயாப்டர் (வில்லையின் திறனைச் சொல்லும் அலகு) வில்லையைப் பிடித்தால், விழித்திரையின் தலைகீழ்ப் பிம்பம் வில்லைக்கும் போனுக்கும் நடுவே அந்தரத்தில் விழும். போன் படமெடுப்பது அந்தப் பிம்பத்தைத்தான். கை நடுங்காமல் வில்லையைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். பெங்களூருவின் ரெமிடியோ நிறுவனம் போனை வைத்தே இயங்கும் கேமராவைச் செய்திருக்கிறது.

வெளிச்சம் பட்டதும் கண்பாப்பா சுருங்கும் என்பது அடுத்த சிக்கல். சொட்டு மருந்து விட்டு விரிக்கலாம். ஆனால் சில மணி நேரம் கண் கூசி மங்கும். அந்த நிலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் யாரை வண்டி ஓட்டச் சொல்வது? கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகியவர்களுக்கு அந்த மருந்தே அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடவும் கூடும். எனவே இருட்டறையில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குறிபார்த்துவிட்டு, கண்பாப்பா சுருங்குவதற்குள் ஒரே ஒரு முறை வெள்ளொளியை மின்னவிட்டுப் படமெடுக்கும் கருவிகள் வந்துள்ளன. மலைக்கு இவைதான் ஏற்றவை என்பேன்.

படம் நோயை உறுதி செய்யாது. சிலருக்குப் பிறவியிலேயே குழி பெரிது. இரண்டு கண்களின் குழிகளும் வெகுவாக வேறுபட்டாலோ, குழி வட்டத்தில் பாதியைத் தாண்டி அகன்றிருந்தாலோ சேலத்துக்கு அனுப்பி அழுத்தத்தையும் பார்வைப் புலத்தையும் (ஓரம்வரை எவ்வளவு தெரிகிறது என்பதையும்) சோதிக்க வேண்டும். கீழே இறங்க வேண்டியவர்கள் யார் என்று பிரித்துக் காட்டவே இந்தக் கேமரா.

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். பெரியம்மாவின் தங்கைதான் என் அம்மா. "இறங்கி வந்தா ஒரு நாள் கூலி போயிரும்டா" என்று இன்னும் தள்ளிப்போடுகிறார். தோட்டத்தில் சம்பளம் போடும் நாளன்று அங்கேயே ஓர் இருட்டறையும் இந்தக் கேமராவும் இருந்தால், வரிசையில் நிற்கும் நேரத்திலேயே அவருடைய இரண்டு கண்களையும் படமெடுத்துவிடலாம்.