தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதுமா?

சென்ற வாரம் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தந்தை தூக்கி வந்தார். வலது முழங்கால் வீங்கி, மடங்கிய நிலையிலேயே இறுகியிருந்தது. அதே மூட்டில் இருமுறை ஊசி குத்தி நீர் எடுக்க முயன்று, ரத்தமாக வரவே கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கோப்பில் குழந்தைநல மருத்துவர், எலும்பு மருத்துவர், மூட்டுவாத நிபுணர் ஆகிய மூவரின் சீட்டுகளும் இருந்தன. ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. இப்படி வரும் பிள்ளைகளில் இவன் முதலாமவன் அல்லன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

“ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்றார்களே, டாக்டர்” என்றார் தாய். இந்த ‘நார்மல்’ என்ற சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. அவர் காட்டியது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) இரண்டரை லட்சம் இருந்தன. ரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோஃபிலியாவில் அவை அப்படித்தான் இருக்கும். அந்நோயில் குறைவது அணுக்கள் அல்ல, ரத்தத்தை உறையச் செய்யும் புரதம்: ஏ வகையில் 8ஆம் காரணி, பி வகையில் 9ஆம் காரணி. ஏபிடிடி என்னும் உறைதல் நேரச் சோதனையும், அது நீண்டிருந்தால் காரணிகளின் அளவும் பார்க்காமல் நார்மல் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ரத்தம் உறைவதில் குறை ஏற்படும் இன்னொரு நோயான வான் வில்லிபிராண்ட் நோயில் ஏபிடிடி கூடச் சரியாக இருந்துவிடலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதும் ஆறுதலாகாது. ஹீமோஃபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் அந்நோய் இருந்ததில்லை.

ரத்த வங்கி மருத்துவரும் ஆய்வக மருத்துவரும் ரத்தவியல் மருத்துவர் அல்லர். ரத்தவியல் மருத்துவர்களான எங்களிலும் பலருடைய நாள் ரத்தப் புற்றுநோய் வார்டிலேயே கழிந்துவிடுகிறது என்பதால், கூச்சப்படாமல் கேளுங்கள்: காரணிகளையும் அவற்றுக்கு எதிராக உருவாகும் தடுப்பான்களையும் இங்கே அளக்க முடியுமா, நள்ளிரவில் வந்தாலும் காரணி மருந்து கிடைக்குமா, இயன்முறை மருத்துவரும் பல் மருத்துவரும் உங்களோடு சேர்ந்து பார்க்கிறார்களா? 1963இல் தொடங்கப்பட்ட உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு, சிகிச்சை மையங்களை நாடு வாரியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம். ஹீமோகுளோபின் குறைபாட்டால் வரும் பரம்பரை ரத்தசோகையான தலசீமியா என்று ஐயமிருந்தால், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனைக்கு மாதிரி எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பின் பார்த்தால் கொடையாளரின் ரத்தமும் கலந்து முடிவு குழம்பும்.

நிபுணரைப் பார்க்கும்வரை தசையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். வரும்போது, தயவுசெய்து, பழைய அறிக்கைகளை வாய்மொழியாகச் சொல்லாமல் தாள்களாகவே கொண்டு வாருங்கள்.

அந்தச் சிறுவனின் 8ஆம் காரணி ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அவனுடைய சித்தி, தாயின் தங்கை, இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணியாம். இந்நோய் தாய்வழியாகப் பிள்ளைக்கு வரக்கூடியது. நாளையே தாயையும் அவரையும் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.