அழுகண்ணி: சன்ட்யூவுக்குத் தமிழில் ஏற்ற பெயர்

பெங்களூரில் பால்கனியில் தொட்டி வைக்கும் தமிழர்கள், இலையால் பூச்சி பிடிக்கும் இந்தச் செடியை ‘சன்ட்யூ’ என்றுதான் சொல்கிறார்கள். ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பெயரில்தான் வருகிறது. பள்ளியில் ‘ட்ரசீரா’ என்றும் ‘சூரியப் பனித்துளிச் செடி’ என்றும் படித்தது சிலருக்கு நினைவிருக்கலாம்.

கிரேக்கத்தில் ‘ட்ரோசோஸ்’ என்றால் பனித்துளி. அதிலிருந்து பிறந்த ‘ட்ரசீரா’ என்ற பேரினப் பெயரை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தம் தாவர நூலில் பதிந்தார். லத்தீனில் இதை ‘ரோஸ் சோலிஸ்’, அதாவது சூரியனின் பனி என்றார்கள். வெயில் ஏறினால் புல்லில் பனி காய்ந்துவிடும். இதன் இலையிலோ நண்பகலிலும் துளிகள் மின்னும். அந்த வியப்பில் வந்த பெயர்.

சூரியப் பனித்துளி என்பது அதன் நேர் மொழிபெயர்ப்பு. கேட்க அழகாக இருந்தாலும், வளர்ப்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும் பெயர் என்றே நினைக்கிறேன். பனி என்றதும் தொட்டியை நிழலில் வைக்கத் தோன்றும். துளி குறைந்தால் ஸ்ப்ரேயர் எடுத்துத் தண்ணீர் தெளிக்கத் தோன்றும். இரண்டுமே கெடுதல். அந்தத் துளி பனியே அல்ல, செடி தானே சுரக்கும் பசை. இலை முழுக்கச் சிவந்த முடிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுரப்பி. ஈர்க்குச்சியால் தொட்டு இழுத்துப் பாருங்கள், நூலாக நீளும். ஒரு கொசு ஒட்டிக்கொண்டால் பக்கத்து முடிகளும் மெல்ல அதன் மேல் வளையும், நொதி சுரந்து பூச்சியைக் கரைக்கும். செடிக்கு அதில் முக்கியமாக வேண்டியது நைட்ரஜன். நாம் தண்ணீர் தெளித்தால் இந்தப் பசைதான் கழுவிக்கொண்டு போகும்.

தமிழில் இதற்கு ‘அழுகண்ணி’ என்று ஒரு பெயர் உண்டு. அழுகின்ற கண்களை உடையவள். அங்கயற்கண்ணி என்பதில் வரும் அதே ‘கண்ணி’. துளி வெளியிலிருந்து விழுந்ததல்ல, உள்ளிருந்து கசிவது என்பதை இந்தப் பெயர் சரியாகப் பிடித்திருக்கிறது. சித்த மருத்துவ வழக்கில் வேறு செடிக்கும் இந்தப் பெயரைச் சொல்வதுண்டு, அதனால் எழுதும்போது பக்கத்தில் ட்ரசீரா என்று குறித்துவிடுவது நல்லது. இதன் இனங்களான ட்ரசீரா இண்டிகா, ட்ரசீரா பர்மன்னி இரண்டும் தென்னிந்தியாவில் ஈரமும் சத்தற்ற மண்ணும் உள்ள வெளிகளில் தாமாக வளர்பவை. எங்காவது பார்த்தால் பிடுங்கி வராதீர்கள். விதையில் வளர்த்தவை விலைக்குக் கிடைக்கின்றன.

சரி, அழுகண்ணி வீட்டில் நன்றாக அழ என்ன வேண்டும்? முதலில் வெயில், தினமும் நான்கு மணி நேரமாவது. அப்புறம் தண்ணீர். பெங்களூரில் பெரும்பாலான செடிகள் சாவது இதில்தான். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், காவேரித் தண்ணீரும் இதற்கு ஏற்றதல்ல. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மற்றத் தொட்டிகளுக்கு ஊற்றும் பழக்கத்தில் இதற்கும் ஊற்றிவிடாதீர்கள், வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 50-க்குள் இருந்தால் நல்லது. மேலே ஊற்றாமல், தொட்டியின் அடியில் ஒரு தட்டு வைத்து அதில் ஓரிரு சென்டிமீட்டர் நிறுத்துங்கள். மண்ணுக்குப் பீட் மாஸும் (சதுப்பில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த எரிமலைக் கல் துகள்) போதும். செம்மண், மண்புழு உரம், யூரியா எதுவும் வேண்டாம், வேர் கருகிவிடும்.

‘ஊனுண்ணித் தாவரம்’ என்ற சொல்லையும் வீட்டில் கொஞ்சம் கவனமாகப் புழங்க வேண்டும். ஊன் என்று கேட்டதும் கோழிக்கறித் துண்டை இலையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய துண்டைச் செடியால் செரிக்க முடியாது, பூஞ்சை பிடித்து இலை அழுகும். பூச்சியுண்ணும் தாவரம் என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள்கூடக் கறி வைக்க மாட்டார்கள். பால்கனியில் பறக்கும் கொசுவையும் பழ ஈயையும் அழுகண்ணி தானே பிடித்துக்கொள்ளும்.