ஃபார்மட் செய்த டிஸ்க் ஏன் தானாக பூட் ஆவதில்லை?

லேப்டாப் பூட் ஆகவில்லை, அதாவது இயங்கத் தொடங்கவில்லை என்றதும் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் யோசனை, "ஃபார்மட் பண்ணிடு, சரியாயிடும்" என்பதுதான். இது பாதி உண்மை. ஃபார்மட் மட்டும் செய்த டிஸ்க் காலியாக இருக்கும், அவ்வளவுதான். அது பூட் ஆக வேண்டுமென்றால் வேறு சிலவும் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸோ லினக்ஸோ அல்ல. மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் எழுதிவைத்திருக்கும் ஃபர்ம்வேர். உங்கள் டெஸ்க்டாப், படங்கள், கோப்புகள் எதுவும் அதற்குத் தெரியாது. ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கில் தனக்குத் தெரிந்த ஓரிடத்தைத் தேடிப் போகும். அங்கே இருக்கும் நிரலை ரேமில் ஏற்றி, மேற்கொண்டு பார்த்துக்கொள் என்று விட்டுவிடும்.

பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேரில் அந்த இடம் டிஸ்க்கின் முதல் செக்டர், அதாவது முதல் சிறு துண்டு. மொத்தமே 512 பைட். அதில் 446 பைட்டுக்குள் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளின்) விவரம், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை. எம்பிஆர் எனப்படும் இந்த ஏற்பாடு 1983-ல் பிசி டாஸ் 2.0 என்ற இயங்குதளத்துடன் வந்தது. செக்டர் எண்ணை 32 பிட்டில் எழுதியதால், சுமார் 2 டெராபைட்டைத் தாண்டிய இடத்தை அதனால் குறிக்கவே முடியாது.

இன்றைய லேப்டாப்களில் பயாஸுக்குப் பதிலாக இருப்பது யூஇஎஃப்ஐ. இது கொஞ்சம் படித்த ஃபர்ம்வேர்: ஃபேட் வகைக் கோப்பமைப்பை அதனால் நேரடியாக வாசிக்க முடியும். அதனால் டிஸ்க்கில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி, பூட் நிரலை அங்கே சாதாரணக் கோப்பாகவே வைத்திருப்பார்கள். எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். குறிப்பு இல்லையென்றால், இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடும். எந்த லேப்டாப்பில் செருகினாலும் விண்டோஸ் யூஎஸ்பி பூட் ஆவது இந்த வழியில்தான். பார்ட்டிஷன் அட்டவணையும் இப்போது எம்பிஆருக்குப் பதிலாக ஜிபிடி வகை. அதன் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

இனி சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் என்ன ஆகும்? இஎஃப்ஐ பகுதி தனியாக இருப்பதால் அது அப்படியே இருக்கும். அதில் இருக்கும் பூட் நிரலான பூட் மேனேஜர் எழுந்து, சி டிரைவில் விண்டோஸைத் தேடும், கிடைக்காது, நீலத்திரையில் பிழை காட்டி நின்றுவிடும். மாறாக, கறுப்புத்திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால், ஃபர்ம்வேர் முதல் படியையே தாண்டவில்லை. டிஸ்க் தெரியவில்லை, அல்லது இஎஃப்ஐ பகுதி கெட்டிருக்கிறது. இஎஃப்ஐ பகுதியில் உள்ள பூட் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் ஃபார்மட் தேவையே இல்லை. நிறுவல் யூஎஸ்பியில் பூட் செய்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைத் திரும்ப எழுதினால் போதும். எந்தத் திரை வந்தது என்று பார்க்காமலேயே ஃபார்மட்டுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

பூட் ஆகாத டிஸ்க்கில் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். டிஸ்க்கில் நிறுவாமலேயே இயங்கும் லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, அவற்றை வெளியே நகலெடுத்துவிட்டு அப்புறம் ஃபார்மட்டில் கை வைக்கலாம். குவிக் ஃபார்மட் பழைய தரவை அழிப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேட்டைத்தான் புதிதாக எழுதுகிறது. ஹார்டு டிஸ்க்கில் மீட்பு மென்பொருளுக்கு வேலை இருப்பது அதனால்தான். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். ஃபார்மட் ஆனதும் இந்த இடமெல்லாம் காலி என்ற ட்ரிம் தகவல் எஸ்எஸ்டிக்குப் போய்ச் சேரும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தன் பாட்டுக்குத் துடைத்துவிடும்.

முழு ஃபார்மட் வேறு கதை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது பகுதி முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுகிறது. வாசிக்க முடியாமல் தவிக்கும் செக்டரில் புதிதாக எழுத முயன்று அதுவும் தோற்றால், டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் கையிருப்பில் உள்ள உபரி செக்டரை அதற்குப் பதிலாக வைக்கும். முழு ஃபார்மட்டுக்குப் பின் சில டிஸ்க்குகள் பிழைத்ததுபோல் தெரிவது இப்படித்தான். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் இப்படி மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அல்லது டிக் டிக் என்று சத்தம் வந்தால், ஃபார்மட்டில் நேரத்தைச் செலவழிக்காமல் டிஸ்க்கை மாற்றிவிடுவது நல்லது.

சரி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது என்று முடிவெடுத்தால், தனியாக ஃபார்மட் செய்யவே வேண்டாம். விண்டோஸ் நிறுவல் திரையில் ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியைத் திறந்து, லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, அளவைப் பார்த்துச் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் யூஎஸ்பியும் இருக்கும். கிளீன் கட்டளை "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது, பார்ட்டிஷன் அட்டவணையைத் துடைத்துவிடும். பிறகு நிறுவலுக்குத் திரும்பி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இஎஃப்ஐ பகுதி, 16 எம்பி அளவில் ஒரு ஒதுக்கீட்டுப் பகுதி, சி டிரைவ் எல்லாவற்றையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும். கிளீன் செய்யாத டிஸ்க்கில் "இந்த டிஸ்க் ஜிபிடி வகை, நிறுவ முடியாது" என்று அடம்பிடித்தால் யூஎஸ்பி பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் அதே யூஎஸ்பியை யூஇஎஃப்ஐ என்ற பெயருடன் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க்கே பட்டியலில் வரவில்லையா? புதிய இன்டெல் லேப்டாப்களில், டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்புக்கான டிரைவர் இல்லாதது காரணமாக இருக்கலாம். அதை யூஎஸ்பியில் போட்டு, நிறுவல் திரையிலேயே ஏற்றினால் டிஸ்க் தெரியும்.