மூன்று கிலோ தானியமே கூலி: எத்தியோப்பியாவின் பாதுகாப்பு வலைத் திட்டம்

எத்தியோப்பியாவின் கிராமங்களில் ஏழைக் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று அறிய மூன்று விலைகளைக் கேட்டால் போதும். தானியம் என்ன விலை, ஆடு என்ன விலை, ஒரு நாள் கூலி எவ்வளவு? மழை பொய்த்த ஆண்டில் முதலாவது ஏறும். மற்ற இரண்டும் இறங்கும். தீவனமும் தண்ணீரும் வற்றியதும் ஊரே ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறது. எலும்பு தெரியும் ஆட்டை வாங்க ஆள் இல்லை. வயலில் வேலை இல்லாததால் கூலி தேடுவோர் பெருகுகிறார்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஓர் ஆட்டை விற்று 100 கிலோ மக்காச்சோளம் வாங்கியவர், ஆட்டு விலை கால் பங்கு சரிந்து சோளத்தின் விலை ஒன்றரை மடங்கானால் 50 கிலோதான் வாங்குவார். அடுத்து உழவு மாட்டையும் விற்றுவிட்டால், மழை வந்தாலும் உழ வழியில்லை.

இந்த விற்பனையைத் தடுப்பதற்காகவே 2005-இல் ‘உற்பத்திசார் பாதுகாப்பு வலைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுதோறும் உணவுத் தட்டுப்பாடு வந்த பிறகு உலகத்திடம் உதவி கேட்பதுதான் வழக்கம். 2002–03 வறட்சியில் 1.3 கோடிக்கும் அதிகமானோருக்கு உதவி தேவைப்பட்டது. அதன் பிறகே அரசும் உலக வங்கி உள்ளிட்ட நிதி வழங்குவோரும், ஆண்டுதோறும் பசிக்கும் அதே குடும்பங்களுக்கு முன்கூட்டியே ஏன் ஏற்பாடு செய்யக்கூடாது என்று யோசித்தார்கள்.

ஏழைக் குடும்பங்களுக்குப் பொதுப்பணியில் வேலை கொடுத்து, அதற்குத் தானியமோ பணமோ கூலியாகத் தருவதே இத்திட்டம். யாருக்குக் கிடைக்கும்? ஆண்டுதோறும் மூன்று மாதமோ அதற்கு மேலோ உணவுக்குத் தட்டுப்பாடு உள்ள குடும்பங்களுக்கு. பட்டியலை ஊர்க்காரர்களே தயாரிக்கிறார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். (யார் யாருக்கு உறவு என்பதும் தெரியும். அதனால்தான் கெபெலே எனப்படும் கிராம நிர்வாக அளவில் முறையீட்டுக் குழு ஒன்றும் இருக்கிறது.)

இனி, தொடக்க ஆண்டுகளில் இருந்த கூலிக் கணக்கு. குடும்பத்தில் ஒரு தலைக்கு மாதம் ஐந்து நாள் வேலை. ஒரு நாள் வேலைக்கு மூன்று கிலோ தானியம், அல்லது அதற்கு ஈடான பணம். ஆக, ஒரு தலைக்கு மாதம் 15 கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 25 நாள் வேலை, 75 கிலோ. குழந்தைகளுக்கும் பங்கு உண்டு, ஆனால் அவர்கள் வேலை செய்யக் கூடாது. அவர்களுக்கான நாட்களையும் பெரியவர்களே செய்ய வேண்டும். மலைச்சரிவில் கல்வரப்பு கட்டுவது, குட்டை வெட்டுவது, மரம் நடுவது, சாலை போடுவது ஆகியவை வேலைகள். உழவு தடைப்படாதபடி இவை பெரும்பாலும் ஜனவரி முதல் ஜூன் வரை நடக்கும். முதியோர், உடல் ஊனமுற்றோர் போன்று உழைக்க முடியாதவர்களுக்கு வேலை வாங்காமலே உதவி உண்டு. கருவுற்ற பெண்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு இந்த விலக்கு பொருந்தும்.

‘ஈடான பணம்’ என்ற இரண்டு சொற்களில்தான் சிக்கல் முழுவதும். 2005-இல் நாள் கூலி 6 பிர் (பிர் என்பது எத்தியோப்பிய நாணயம்). தானியம் கிலோ 2 பிர் விற்றால் சரியாக மூன்று கிலோ வரும். 2008-இல் உணவு விலை தாறுமாறாக உயர்ந்தது. அந்த ஆண்டு கூலியை 8 பிர் ஆக்கினார்கள். 2010-இல் 10 பிர். ஆனால் கிலோ 4 பிர் விற்கும் சந்தையில் 8 பிருக்கு இரண்டு கிலோதான் வரும். 75 கிலோ கிடைக்க வேண்டிய குடும்பம் 50 கிலோவோடு வீடு திரும்பும். பணமே போதும் என்றிருந்தவர்களில் பலர் அப்போது தானியமாகவே கொடுங்கள் என்று கேட்டதில் வியப்பில்லை. மூட்டையாக வாங்குபவருக்கு விலை ஏறினால் கவலையில்லை. நோட்டாக வாங்குபவர்தான் அந்த இழப்பைச் சுமக்கிறார்.

இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, விலை குறைவாக இருக்கும் முதல் மாதங்களில் பணமும், விலை ஏறும் பின் மாதங்களில் தானியமும் கொடுப்பது; சில வட்டாரங்களில் இப்படி நடந்தது. மற்றொன்று, ஆண்டுதோறும் சந்தை விலையை ஆய்ந்து மூன்று கிலோவுக்கு எத்தனை பிர் வேண்டும் என்று பார்த்துக் கூலியை நிர்ணயிப்பது. எனக்கு இரண்டாவதே நியாயமாகப் படுகிறது, ஓட்டை இருந்தாலும். ஒருமுறை நிர்ணயித்த கூலி அடுத்த ஆய்வு வரை அப்படியே நிற்கும். சந்தை அதற்காகக் காத்திருப்பதில்லை.

அதைவிடப் பெரிய குறை தாமதம். தொடக்கம் முதலே பல இடங்களில் கூலி உரிய மாதத்தில் கைக்கு வராமல் தள்ளிப்போனது. மார்ச்சில் வர வேண்டிய 75 கிலோ ஜூனில் வந்தாலும் ஏட்டில் அது 75 கிலோதான். இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஏப்ரலிலேயே ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போய்க் கேட்ட விலைக்குக் கொடுத்திருப்பார்கள்.