பஸ்ஸுக்குப் பயந்த கதை

போன மாதம் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவன் மகன், எட்டாம் வகுப்புப் படிக்கிறவன், ஓடிடியில் ஒரு புதுப் பேய்ப் படம் போட்டான். பாதிப் படத்தில் கதாநாயகி குளியலறையில் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். "பெரியப்பா, இப்ப மூடுவா பாருங்க, பின்னாடி நிக்கும்" என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். மூணு, ரெண்டு, ஒண்ணு. மூடினாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஏமாந்த முகத்தோடு அவன் என் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஸ்பீக்கர் அலறியது. இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. முறுக்குத் தட்டு தரையில்.

வரப்போகிறது என்று தெரியும். ஏறக்குறைய எந்த இடத்தில் என்றும் தெரியும். அப்புறம் உடம்பு ஏன் துள்ளுகிறது?

தமிழில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. தூக்கிவாரிப் போடுவது வேறு, கிலி பிடிப்பது வேறு என்று பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். மூளைக்குள்ளும் அவை கிட்டத்தட்ட அப்படித்தான் பிரிந்திருக்கின்றன. முதலாவது ஓர் அனிச்சைச் செயல். திடீரென்று எழும் சத்தம் காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போய், மிகச் சில நரம்பணுக்களை மட்டும் கடந்து, தசைகளை அடைந்துவிடும். சத்தம் எழுந்ததிலிருந்து கண் சிமிட்டத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் 30 முதல் 50 மில்லி செகண்ட். சினிமாவில் ஒரு ஃப்ரேம் திரையில் இருப்பதே சுமார் 42 மில்லி செகண்ட்தான். அதாவது பேயின் முகம் என்ன நிறம் என்று மூளை யோசிப்பதற்குள் கண் மூடத் தொடங்கிவிட்டது. 'இது வெறும் படம்' என்கிற அறிவு வந்து சேரும்போது முறுக்கு தரையில் கிடக்கிறது. சத்தம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, சட்டென்று எழவும் வேண்டும். தூரத்தில் கிளம்பி வரும் ரயில் நம் பக்கத்தில் தடதடத்துக் கடந்தாலும் யாரும் துள்ளுவதில்லை. குக்கர் விசிலுக்குத் துள்ளுகிறோம்.

கிலி மெதுவாக வருவது. 'ஏதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பில் ஊறி வருவது. மூளையின் உட்புறத்தில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா முதலான பகுதிகள் அதில் வேலை செய்கின்றன. சுவையான விஷயம், இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பதுதான். 1951-இல் ஜட்சன் பிரவுன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் ஒரு சமிக்ஞை கொடுத்து, உடனே மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு அந்தச் சமிக்ஞை இருக்கும்போது பலத்த சத்தம் எழுப்பியபோது, எலிகள் வழக்கத்தைவிட உயரத் துள்ளின. ஏற்கெனவே பயந்திருக்கும் உடம்பு அதே சத்தத்துக்கு அதிகமாக அதிரும்.

இதை ஒன்பது வருடம் முன்பே ஒரு சினிமாக்காரர் கூட்டம் கண்டுபிடித்திருந்தது. வால் லூட்டன் என்ற தயாரிப்பாளருக்கு ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ போட்ட நிபந்தனை கறாரானது: செலவு ஒன்றரை லட்சம் டாலருக்குள், படம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை நாங்களே கொடுப்போம். அப்படிக் கொடுத்த தலைப்புதான் 'கேட் பீப்பிள்'. 1942-இல் ழாக் டூர்னியர் இயக்கத்தில் வந்தது. சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதை. மிருகமாக மாறும் காட்சியை எடுக்கக் காசு இல்லை. அதனால் காட்டவில்லை.

ராத்திரி. பூங்காச் சுவரோரம் இன்னொருத்தி தனியாக நடந்து போகிறாள். தெருவிளக்கு, இருட்டு, மறுபடி தெருவிளக்கு. பின்னால் இன்னொரு ஜோடிக் குதிகால் செருப்பின் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையை எட்டிப் போடுகிறாள், ஓடுகிறாள். நம் கண் முழுக்க அவள் முதுகுப் பக்கத்து இருட்டில். அந்த நேரத்தில் திரையின் வலது ஓரத்திலிருந்து, சிறுத்தை சீறுவதுபோல ஒரு சத்தத்தோடு பாய்ந்து வருகிறது ஒரு டவுன் பஸ். காற்று பிரேக் போட்ட சத்தம்தான் அது. எடிட்டர் மார்க் ராப்சன் வெட்டி ஒட்டிய இந்த வித்தைக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நின்றுவிட்டது. பிறகு வந்த படங்களில் அலமாரியிலிருந்து குதிக்கும் அத்தனை பூனைகளும் அந்த பஸ்ஸில் ஏறி வந்தவைதான்.

இதையும் 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது மௌனப் படம். மாடிப்படிச் சுவரில் ஏறும் ரத்தக்காட்டேரியின் நிழலோடு சேர்த்து ஒரு சத்தத்தைப் படத்திலேயே பதித்து வைக்க வழி இல்லை. கிலி மட்டும்தான் அதன் கையிருப்பு. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பதில் வியப்பில்லை. அனிச்சைச் செயல் நூறு வருடத்தில் மாறிவிடாது. எதிர்பார்ப்புதான் பழகப் பழகத் தேய்ந்துபோகிறது.

1960-இல் 'சைக்கோ'. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தே ஒரு கிறீச்சிடலை எழுதிக் காட்டினார். ஹிட்ச்காக் மனம் மாறினார். நல்லவேளை. அந்த வயலின்கள் கிட்டத்தட்ட அலறுகின்றன. 2015-இல் வந்த ஓர் ஆய்வு அலறலைப் பிரித்துப் பார்த்தது. நம் சாதாரணப் பேச்சின் உரப்பு நொடிக்குச் சில முறைதான் ஏறி இறங்குகிறது. அலறலிலோ அது நொடிக்கு 30 முதல் 150 முறை நடுங்குகிறது. காதுக்கு அது சொரசொரப்பாகக் கேட்கிறது. அந்தச் சொரசொரப்பு கூடக் கூட அமிக்டலா கூடுதலாகக் கிளர்கிறது.

1975-இல் வந்த 'ஜாஸ்' எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் அது தியேட்டரையே சோதனைக்கூடம் ஆக்கியது. கடலில் இறக்கிய இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகி நின்றது. சரி, சுறாவைக் காட்டாமலே காட்டுவோம் என்று ஸ்பீல்பெர்க் முடிவெடுக்க, ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள் சுறாவின் இடத்தைப் பிடித்தன. இசை வந்தால் சுறா வரும். மணி அடித்தாலே சாப்பாடு வரும் என்று பழகி எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் போல. இரண்டு பையன்கள் போலிச் சுறாத் துடுப்பைக் கட்டிக்கொண்டு ஊரை மிரட்டும் காட்சியில் இசை இல்லை. படம் நம்மிடம் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறது. பிறகு ஒருநாள் போலீஸ் அதிகாரி படகிலிருந்து சலிப்போடு மீன் துண்டுகளை வாரி இறைக்கிறார். இசை இல்லை, நாமும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். வாயைப் பிளந்துகொண்டு சுறா வருகிறது. ஒரு மணி நேரம் கட்டிய நம்பிக்கை ஒரே காட்சியில் போச்சு.

எண்பதுகளின் ரப்பர் முகமூடியையும் வாளி வாளியான ரத்தத்தையும் தாண்டிப் போகிறேன். அது அருவருப்பு, வேறு சமாச்சாரம்.

1998-இல் ஜப்பானின் 'ரிங்கு' சத்தத்தை விட்டுவிட்டு நடையைப் பிடித்தது. பேயாக நடித்தவரைப் பின்னோக்கி நடக்கவிட்டு எடுத்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். மனித நடையைக் கண்டுபிடிப்பதில் நம் மூளை பயங்கரக் கெட்டி. மூட்டுகளில் சில ஒளிப்புள்ளிகள் இருந்தாலே போதும், இருட்டிலும் ஆள் நடப்பதைப் புரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட மூளைக்கு, எடை விழும் விதம் தலைகீழான ஒரு நடையைக் காட்டினால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாமல் தவிக்கிறது. 2007-இல் வந்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' இன்னும் கஞ்சம். சுமார் 15,000 டாலர் செலவு, படுக்கையறையில் அசையாமல் நிற்கும் கேமரா, மூலையில் வேகமாக ஓடும் கடிகார எண்கள். அந்த எண்கள் மெதுவானால் ஏதோ நடக்கும் என்று இரண்டாம் ராத்திரிக்குள் கற்றுக்கொள்கிறோம். சுறாவின் இரண்டு சுரங்கள், இப்போது ஊமையாக.

நம்மூர்ப் படங்களில் சலங்கைச் சத்தம் பல வருடம் இந்த வேலையைச் செய்தது. பிறகு காமெடியோடு கைகோத்தோம். 2011-இல் 'காஞ்சனா'வில் லாரன்ஸ் பயந்துபோய் அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டபோது தியேட்டர் அதிர்ந்ததற்கு டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் சொன்ன கருத்து பொருந்தும்: ஓர் உணர்ச்சியில் ஏறிய படபடப்பு உடனே இறங்காது, அடுத்து வரும் உணர்ச்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். பயத்தின் மிச்சத்தில்தான் அவ்வளவு பெரிய சிரிப்பு.

மறுநாள் பையனுக்கு அந்த 1942 பஸ் காட்சியைப் போட்டேன். கறுப்பு வெள்ளை என்றதும் கொட்டாவி விட்டான். குதிகால் சத்தம் நின்றபோது கொட்டாவியும் நின்றது. பஸ் வந்தது. துள்ளினான். "அய்யே, பஸ்ஸுக்கா பயந்தேன்?" என்று ரிவைண்ட் செய்து மறுபடி பார்த்தான். இரண்டாம் முறை தோள் மட்டும் குலுங்கியது. மூன்றாம் முறை அசையவே இல்லை. "பாத்தீங்களா, ஜெயிச்சுட்டேன்" என்றான். நான் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளலில் கடைசிவரை அடங்காமல் நிற்பது கண் சிமிட்டல்தான். நான்காம் முறையும் பஸ் வந்தபோது சிமிட்டினான்.